பதினொன்று தசம் ஆறு

பஸீர் ஹாஜியாரின் ஸ்டோரில் மிளகின் ஈரப்பதம் பார்க்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. ஒரு கைப்பிடி மிளகைப் போட்டு மூடினால் இரண்டு நிமிடத்தில் எண் சொல்லும். பன்னிரண்டுக்குக் கீழே இருந்தால் மிளகு கப்பலுக்குப் போகலாம். மேலே இருந்தால் திரும்பவும் காயப்போக வேண்டியதுதான். ஈரம் உள்ள மிளகு கொள்கலனுக்குள் ஒரு மாதம் கடலில் கிடந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். மாத்தளையில் இதை யாருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதோடு வந்த கொம்பியூட்டர்தான் ஜனவரியில் செத்துப்போனது. இருபது வருடத்துப் பழசு. அதற்குள் மெஷினோடு பேசும் கார்ட் ஒன்று இருந்தது. அந்தக் கார்ட் இல்லாவிட்டால் மெஷினின் மென்பொருள் வாயே திறக்காது. மெஷினைச் செய்த கம்பனியை மூடிப் பத்து வருடம். புதிதாக ஒன்று வாங்கலாமே என்று யாராவது சொன்னால் ஹாஜியாருக்குத் திடீரென்று காது மந்தமாகிவிடும். இந்தக் கட்டத்தில்தான் யாரோ அவரிடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

என் பெயர் தனுஜன். அப்பா தர்மராஜா யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைக் கச்சேரிக்கு அரசாங்க வேலையில் மாற்றலாகி வந்தவர். வந்தவர் திரும்பிப் போகவில்லை. நான் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இப்போது வீட்டில் இருந்தபடி வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு வேலை செய்கிறேன். ஒரு கொம்பியூட்டருக்குள் இன்னொரு கொம்பியூட்டர் இருப்பதாகப் பாவனை செய்யவைப்பது என் தொழில். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். உள்ளே ஓடும் மென்பொருளுக்குத் தான் இருப்பது நிஜ வீடா, நாடக மேடையா என்று தெரியாது. இதில் நான் கெட்டிக்காரன். அடக்கம் கருதி இதைச் சொல்லாமல் விட்டால் நடந்தது விளங்காது.

பழைய மென்பொருளை ஒரு புதுக் கொம்பியூட்டரில், விர்ச்சுவல் மெஷினுக்குள் குடியேற்றினேன். கார்ட் இல்லை அல்லவா? கார்ட் மாதிரி நடிக்கும் நிரல் ஒன்றை எழுதினேன். அதை விர்ச்சுவல் மெஷினுக்குள் வைக்கவில்லை. வெளியே, தனியாக ஓடவிட்டேன். அந்த வெளி நிரல் கேபிள் வழியாக நிஜ மெஷினோடு பேசும். கிடைத்த எண்ணை இரண்டுக்கும் பொதுவான ஓர் இடத்தில் வைக்கும். உள்ளே இருக்கும் பழைய மென்பொருள் அதை எடுத்துக்கொண்டு, கார்ட் தந்ததாக நம்பும். ஒன்றுக்கு ஏதும் ஆனால் மற்றது தப்பிக்கொள்ளும்.

“ஒரே வேலைக்கு ஏன் தம்பி ரெண்டு?” என்று ஹாஜியார் கேட்டார்.

“குசினிய வீட்டுக்கு வெளியில கட்டுவாங்க இல்லையா ஹாஜியார். அங்க தீப்பிடிச்சாலும் வீடு தப்பும்.”

அது அவருக்கு உடனே பிடித்துப்போனது. பல வருடங்களுக்கு முன் அவருடைய ஸ்டோரில் தீப்பிடித்து முப்பது மூட்டை கராம்பு எரிந்த கதையைச் சொன்னார். நான் பாதிதான் கேட்டேன். மீதியையும் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒரு விஷயம் மட்டும் தொல்லை தந்தது. கேபிளை யாராவது காலால் தட்டினால் ஓரிரு விநாடிக்கு மெஷினிலிருந்து பதில் வராது. வெளி நிரலிடம் கொடுக்க எண் இருக்காது. உள்ளே இருக்கும் பழைய மென்பொருளுக்கு மௌனத்தைத் தாங்கத் தெரியாது. அப்படியே உறைந்துவிடும். ஆகவே வெளி நிரலில் ஆறு வரி சேர்த்தேன். மெஷின் பதில் சொல்லாவிட்டால், பதில் வரும்வரை கடைசியாகக் கிடைத்த எண்ணையே கொடுத்துக்கொண்டிரு. இரண்டு விநாடி விஷயம்தானே என்று அதை நிரலின் பதிவேட்டில் எழுதவும் வைக்கவில்லை. பதிவேடு வீணாக நிரம்பும். உறைவது நின்றுபோனது. எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்தது.

சனிக்கிழமை சோதித்தேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் சோதித்தேன். ஞாயிறு ஸ்டோர் பூட்டு. வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. அவர்களுக்கு அன்று ஜும்ஆத் தொழுகை, பாதி நாள் வேலை நடக்காது. எனக்கும் வெள்ளிக்கிழமை காலையில் முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகாவிட்டால் வீட்டில் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் வெள்ளிக்கிழமையை ஒரு வேலை நாளாகக் கணக்கெடுக்கவில்லை. மிளகு மட்டும் கணக்கெடுத்துக்கொண்டது.

மெஷினில் வேலை செய்பவள் நிஷ்மியா. அலுவிகாரை ஊர்ப் பிள்ளை. உணவுத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்துவிட்டு வந்து மூன்று வருடம் இருக்கும். வந்திறங்கும் ஒவ்வொரு லொட் மிளகுக்கும் எண் எடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்து வைப்பாள். சுருக்கக் கையெழுத்து வைத்தாலென்ன என்று ஒருமுறை கேட்டேன். “பிறகு யாருன்னு தெரியணுமே சேர்,” என்றாள். அப்போது அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரிந்தது.

ஜூன் மாத அறுவடையில் மழை விடாமல் பெய்தது. உக்குவளைப் பக்கமிருந்து அரைகுறையாகக் காய்ந்த மிளகு வந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல் நான் பிந்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து வட்ஸ்அப்பில் செய்தி வந்தது.

“சேர், இன்னைக்குப் பகலுக்குப் பிறகு நம்பர் மாறவே இல்ல. ஒன்பது லொட்டுக்கும் 11.6 தான் காட்டுது.”

“புரோகிராம மூடித் திறங்க,” என்று எழுதினேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. “செஞ்சேன் சேர். அதேதான்.”

அவள் மூடித் திறந்தது உள்ளே இருந்த விர்ச்சுவல் மெஷினை. வெளி நிரல் தன்பாட்டில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அதற்காகத்தானே பிரித்துக் கட்டினேன்! கையைக் கழுவிவிட்டு ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். நான் யோசிக்கவில்லை. கையில் சோறு இருந்தது.

“அப்போ மிளகெல்லாம் ஒற்றுமையா இருக்கு போல,” என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றையும் போட்டேன்.

“சரி சேர்,” என்று எழுதினாள்.

அடுத்த நாள் விடிய லொறி துறைமுகத்துக்குப் புறப்பட வேண்டும். தெரிந்தவனிடம் கேட்டாள், தெரிந்தவன் பகிடி விட்டான். ஒன்பது லொட்டுக்கும் கையெழுத்து வைத்தாள்.

ஜூலை கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை ஹாஜியார் எனக்குப் போன் எடுத்தார். குரலில் வழக்கமான சலாம் சுகமெல்லாம் இல்லை.

“தம்பி, வெளிநாட்டுல கொள்கலனத் திறந்திருக்காங்க. பாதி மிளகு பூஞ்சணம். பதினாலு, பதினஞ்சுன்னு ஈரம் காட்டுதாம். நம்ம புத்தகத்துல எல்லாம் பதினொன்டு தசம் ஆறு.”

“எல்லாமேவா?”

“ஒன்பதும். அந்தப் பிள்ள, மெஷின்தான் அப்படிக் காட்டினிச்சுங்குது. ஒங்களுக்கு மெசேஜும் போட்டதாமே. மெஷின் அப்படிச் செய்யுமா? அதத்தான் கேக்கிறேன்.”

வீட்டிலிருந்தபடியே அவர்களுடைய கொம்பியூட்டருக்குள் போகும் வழி எனக்கு இருந்தது. போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். நிறுவிய நாளிலிருந்து ஒரு பிழையும் இல்லை. துடைத்து வைத்த பாத்திரம். கால்மணி நேரம்கூட ஆகவில்லை, ஹாஜியாருக்குத் திருப்பிப் போன் எடுத்தேன்.

“மெஷின் அப்படிச் செய்யாது ஹாஜியார். ரெக்கோட் எல்லாம் சுத்தமா இருக்கு.”

“அப்போ அந்த நம்பர் எப்படி வரும்?”

“அந்த சொஃப்ட்வெயார்ல கையாலயும் நம்பர் அடிக்க ஏலும்,” என்றேன்.

நான் யார்மேலும் பழி போடவில்லை. கேட்ட கேள்விக்கு விடை சொன்னேன். இப்படித்தான் அன்று முழுவதும் எனக்கே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கே நிஷ்மியாவை வேலைக்கு வராமல் வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் பல் துலக்கும்போது ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது. பொய் எண் எழுதுகிறவள் ஒன்பது தடவையும் ஒரே எண்ணை எழுதுவாளா? பொய் சொல்லத் தெரியாதவன்கூட ஒன்றைப் பதினொன்று தசம் நாலு என்றும் இன்னொன்றைப் பதினொன்று தசம் எட்டு என்றும் மாற்றி எழுதுவான். ஒன்பது தடவையும் ஒரே பதிலைச் சொல்ல வெட்கப்படாதது மனிதர் அல்ல. அது வேறு ஏதோ.

கொம்பியூட்டரைத் திறந்து பெப்ரவரியிலிருந்து வந்த எண்களையெல்லாம் நாள்வாரியாகப் பிரித்துப் போட்டேன். மற்ற நாட்களில் எண்கள் ஏறி இறங்கின. வெள்ளிக்கிழமைகளில் பகல் பன்னிரண்டு மணிவரை ஏறி இறங்கின. அதற்குப் பிறகு வந்த எல்லா எண்ணும், பன்னிரண்டுக்குச் சற்று முன் வந்த கடைசி எண்ணேதான். ஒரு வெள்ளிக்கிழமையும் தப்பவில்லை. மற்ற வெள்ளிகளில் பகலுக்குப் பிறகு ஒரு லொட்டோ இரண்டோதான் வந்திருக்கும். யார் கவனிக்கப்போகிறார்கள்?

ஹாஜியாருக்குப் போன் எடுத்தேன்.

“வெள்ளிக்கிழமை பகல்ல அங்க கரண்ட் போகுமா ஹாஜியார்?”

“போறதில்ல. நாமதான் மெயின ஓஃப் பண்ணிட்டு ஜும்ஆவுக்குப் போறோம். அந்தக் கராம்பு எரிஞ்ச நாள்லேருந்து பழக்கம். அன்னைக்கும் வெள்ளிக்கிழமைதான், காய்ச்சுற மெஷின மறந்து விட்டுட்டுப் பள்ளிக்குப் போனது. நான்தான் என் கையால ஓஃப் பண்ணுவேன். ஒஃபீஸ் லைன் மட்டும் தனி, அது ஓடும். ஏன் கேக்கிறீங்க?”

“சும்மா கேட்டேன்,” என்றேன்.

எல்லாம் அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. ஈரம் பார்க்கும் மெஷின் ஸ்டோர் லைனில். கொம்பியூட்டர் ஒஃபீஸ் லைனில். மாலையில் இரண்டையும் அணைப்பார்கள், காலையில் இரண்டையும் போடுவார்கள், பிரச்சினை இல்லை. வெள்ளிக்கிழமை பகலில் மட்டும் மெஷின் செத்து மறுபடி பிறக்கிறது, கொம்பியூட்டர் சாகாமல் இருக்கிறது. மறுபடி பிறந்த மெஷினுக்குக் கொம்பியூட்டர் வேறு இணைப்பு இலக்கம் கொடுக்கிறது. என் வெளி நிரலோ பழைய இலக்கத்தையே பிடித்துக்கொண்டு, பதில் வரும்வரை என்று நான் சொன்னபடி, கடைசி எண்ணைப் பொறுமையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளை ஒவ்வொரு முறையும் மிளகை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறாள். மெஷின் சொன்ன புது எண்ணைக் கேட்க ஆளே இல்லை.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். புதிர் அவிழ்ந்த சந்தோஷம். இதை மறைக்க விரும்பவில்லை. அரை மணி நேரத்தில் அந்த ஆறு வரியைத் தூக்கினேன். மெஷின் பத்து விநாடி பதில் தராவிட்டால் கார்ட்டைக் கழற்றிவிட்டதாக உள்ளே அறிவிக்கும்படி எழுதினேன். இனிமேல் திரை சிவப்பாகி எல்லாம் நின்றுவிடும். வீட்டிலிருந்தபடியே அதை அனுப்பினேன். ஸ்டோரில் ஒருவருக்கும் தெரியாது.

பிறகுதான் மற்ற நினைப்பு வந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் இதை இந்த உலகத்தில் எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. பிழை இருந்த இடத்தில் இப்போது பிழை இல்லை.

மாலை கிருஷாந்தினி பாடசாலையிலிருந்து வந்ததும் சொன்னேன். என் மனைவி. கணித ஆசிரியை. வெள்ளிக்கிழமை எண்களை அவளிடம் காட்டினேன், பாராட்டை எதிர்பார்த்து. அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

“அந்தப் பிள்ளைக்குச் சொல்லிட்டீங்களா?”

“சனிக்கிழமை நேர்ல போய் ஹாஜியார்ட்ட சொல்றேன். போன்ல சொல்ற விஷயமா இது.”

“சனிக்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு.”

“புதன்கிழமை கொழும்புக் கம்பனியோட மீட்டிங் இருக்கு. அது முடியட்டும்.”

அவள் சாரியை மாற்றப் போய்விட்டாள். நான் சொன்னதை அவள் ஏற்றுக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கொழும்புக் கம்பனி என் வேலையைக் கேள்விப்பட்டிருந்தது. நாட்டில் இப்படிப் பழைய மெஷின்களை வைத்துக்கொண்டு திண்டாடும் பரிசோதனைக்கூடங்கள் நிறைய உண்டாம். அவற்றுக்கெல்லாம் இதையே கொண்டுபோகலாம் என்றார்கள். புதன்கிழமை பகல் கொம்பியூட்டர் முன்னால் நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். விர்ச்சுவல் மெஷின் ஒரு பக்கம், வெளி நிரல் ஒரு பக்கம், நடுவில் ஒரு கோடு என்று படம் போட்டுக் காட்டினேன். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும் என்றேன். தலையாட்டினார்கள். ஒருவர் கேட்டார், இந்த ஐந்து மாதத்தில் ஏதாவது பிழை வந்ததா என்று.

“இதுவரைக்கும் ஒண்டும் பதிவாகல,” என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. என்மேல் எனக்கு அருவருப்பு வந்தது அப்போதுதான். மீட்டிங் முடிய நாலு மணி. அப்போதாவது ஹாஜியாருக்கு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. நாளைக்கு என்று நினைத்தேன்.

அந்த நாளைக்கு அவரே போன் எடுத்தார். குரல் லேசாகி இருந்தது.

“தம்பி, விஷயம் முடிஞ்சுது, அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பிள்ள எழுதிக் குடுத்திட்டுது. மிளகு போடாம கையால அடிச்சேன்னு. நேத்து கையெழுத்து வெச்சது. வாங்குறவங்களுக்கு மனுஷப் பிழைன்னு காட்டினாத்தான் அடுத்த லோட எடுப்பாங்க, மெஷின் பிழைன்னா நம்ம ஸ்டோர் முழுசையும் சந்தேகப்படுவாங்க. அனுப்பிட்டோம். ஒங்களுக்கும் ஒரு படம் போட்டிருக்கேன், இங்கிலீஸ் சரியான்னு ஒருக்கா பாருங்க.”

படத்தைத் திறந்தேன். நீல மையில், கோடு போட்ட தாளில் நாலு வரி. இங்கிலீஸ் சரியாகத்தான் இருந்தது. மாதிரியைப் பரிசோதிக்காமல் எண்களைப் பதிந்தேன், இதற்கு நானே முழுப் பொறுப்பு. கீழே பெயர் முழுதாக.

ஹாஜியார் லைனிலேயே இருந்தார். “ஹலோ, ஹலோ,” என்றார். லைனை வெட்டிவிட்டுப் பைக்கை எடுத்தேன்.

அலுவிகாரையில் விகாரையைத் தாண்டி ஒரு பலசரக்குக் கடையில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். நேரம் மூன்றரை இருக்கும். நிஷ்மியாவின் உம்மா றாபியா கதவைத் திறந்தார். யார் என்று சொன்னேன்.

“மெஷின் வெச்ச சேரா? வாங்க, உள்ள வாங்க,” என்றார். “மகள், சேர் வந்திருக்காங்க. பாரு, யாரும் வரலன்னியே.”

ஆறுதல் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். பிளேன்டீயும் பனங்கட்டித் துண்டும் வந்தது. நிஷ்மியா எதிரே உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது. மரியாதைக்குச் சிரித்தாள்.

“பிழை உங்களோடது இல்ல,” என்றேன். “என்னோடது.”

அவளுக்கு விளங்கவில்லை.

“வெள்ளிக்கிழமை மெயின ஓஃப் பண்ணினதும் மெஷின் போயிடுது. கொம்பியூட்டர் போறதில்ல. நான் எழுதின புரோகிராம் மெஷின் இருக்குன்னு நெனச்சுட்டு, கடைசியா வந்த நம்பரையே திருப்பித் திருப்பிக் குடுத்திருக்கு.”

“அப்போ நான் போட்ட மிளகு?”

“நீங்க சரியாத்தான் போட்டீங்க. அத எதுவும் பாக்கல.”

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். “நான் வேற மாதிரி எழுதிக் குடுத்திட்டேன்,” என்றாள்.

“பாத்தேன். ஏன் எழுதினீங்க?” கேட்டிருக்கக்கூடாது. வாயில் வந்துவிட்டது.

“மெஷின் அப்படிச் செய்யாதுன்னு நீங்க சொன்னதா ஹாஜியார் சொன்னாங்க. அதக் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துட்டு சேர். மூடியச் சரியா மூடலையோ, மிளக மாத்தாமலே பட்டன அமத்தினேனோன்னு. ஒன்பது தரம் போட்டது கண்ணுக்குள்ள நிக்கிது. ஆனா நீங்க படிச்சவங்க, பாத்துட்டுத்தானே சொல்லியிருப்பீங்க. நான்தான் மறந்துட்டேனாக்கும்னு நெனச்சேன். எழுதிக் குடுத்தா சேர்விஸ் லெட்டர் தாறேன்னாங்க. இல்லாட்டி வேற எடத்துலயும் வேல கெடைக்காது.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுடைய வேலையை மட்டும் நான் எடுக்கவில்லை. தன் கையால் செய்ததைத் தானே நம்பாதபடிக்கு ஆக்கிவிட்டிருக்கிறேன்.

“எப்ப தெரிஞ்சிச்சு சேர்?”

“இந்தக் கிழமை.”

“இந்தக் கிழமை எப்ப?”

“திங்கள்.”

அவள் கணக்குப் போட நேரம் எடுக்கவில்லை. “நான் நேத்து, புதன்கிழமதான் கையெழுத்து வெச்சேன்,” என்றாள்.

“தெரியும்.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். கேட்டால் மீட்டிங்கைப் பற்றிச் சொல்லலாம், நேரில் சொல்வதுதான் முறை என்று நினைத்ததைச் சொல்லலாம். அவள் கேட்கவில்லை. எழுந்துபோய் ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“எழுதித் தாங்க சேர்.”

எழுதினேன். மெஷின் எந்த லைனில், கொம்பியூட்டர் எந்த லைனில், ஆறு வரி என்ன செய்தது, எல்லாம் எழுதினேன். ஜூன் மாதமே அவள் எனக்கு அறிவித்ததையும் நான் பகிடியாகப் பதில் போட்டதையும் எழுதினேன். ஒன்பது லொட்டையும் நிஷ்மியா முறைப்படி பரிசோதித்தார், பிழை முழுவதும் என்னுடைய நிரலுடையது, இதை இக்கிழமை கண்டறிந்தேன் என்று முடித்துக் கையெழுத்து வைத்தேன்.

அவள் ஆற அமர வாசித்தாள். பிறகு தாளை என் பக்கம் திருப்பி, ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

“இங்க நாளப் போடுங்க.”

இக்கிழமை என்பதை வெட்டிவிட்டு, திங்கட்கிழமை என்று எழுதினேன். தேதியையும் போட்டேன்.

“நானே கொண்டுபோய் ஹாஜியார்ட்ட குடுக்கிறேன்,” என்றேன்.

“வேணாம் சேர்.”

அவள் போனை எடுத்துத் தாளைப் படம் பிடித்து, என் முன்னாலேயே ஹாஜியாருக்கு அனுப்பினாள். ஐந்து நிமிடம் போனது. பிளேன்டீ ஆறிப்போனது. பிறகு போன் அடித்தது. உம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“மகள்,” என்றார் ஹாஜியார். “பாத்தேன். நேத்து அனுப்பின காயிதத்த வாபஸ் எடுக்கிறேன். இதத்தான் இங்கிலீஸ்ல மாத்தி அனுப்பப்போறேன், அவங்க எடுத்தா எடுக்கட்டும், விட்டா விடட்டும். ஒன்ன எழுதச் சொன்னது என் பிழை. சனிக்கிழமை வேலைக்கு வா.”

“யோசிச்சுச் சொல்றேன் ஹாஜியார்.”

“சரி மகள். யோசி.” அவர் தொண்டையைச் செருமினார். “தனுஜன் அங்கதான் இருக்கிறாரா?”

“இருக்காங்க. குடுக்கவா?”

“குடுக்க வேணாம்,” என்றார். போனை வைத்துவிட்டார்.

எனக்கு அங்கே இனி வேலை இல்லை. எழுந்தேன். றாபியா அதுவரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், உள்ளே வந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அந்தக் காயிதத்த எனக்கும் வாசிச்சுக் காட்டு,” என்றார்.

நிஷ்மியா வாசித்தாள். கடிதத் தமிழை ஒவ்வொரு வரியாக உம்மாவுக்குப் பேச்சில் சொல்லிக்கொண்டே போனாள். நாள் வந்த இடத்தில் றாபியா கையைக் காட்டி நிறுத்தினார்.

“சோறு வேணாம்னுட்டு, தொழுத பாயிலயே உக்காந்து அல்லாஹ்ட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தியே, அது திங்கக்கிழமை தானே?”

“ஆமா உம்மா.”

“அன்னைக்கே இவருக்குத் தெரியுமா?”

நிஷ்மியா என்னைப் பார்க்கவில்லை. “தெரியும் உம்மா,” என்றாள். பிறகு மிச்சத்தை வாசித்தாள்.